வடிகால் தோண்ட மண்வெட்டியா, இயந்திரமா?

மழை கொட்டித் தீர்த்த பிறகுதான் நம்மில் பலருக்கு வடிகாலைப் பற்றிய நினைவு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாசலிலும் கொல்லையிலும் கணுக்கால் அளவு நீர் நிற்கும். கிணற்றடிக்குப் போவதற்குப் பலகை போடுவோம். சுவரின் அடிப்பாகத்தில் ஈரம் ஏறிப் பூச்சு உதிரும். அப்பொழுது, அடுத்த ஆண்டு எப்படியும் ஒரு வடிகால் வெட்டிவிட வேண்டும் என்று உறுதி செய்துகொள்வோம். தை பிறந்து தரை காய்ந்ததும் அந்த உறுதியும் காய்ந்துவிடும்.

இவ்வாறு தள்ளிப் போட்டுப் போட்டு, ஒருநாள் உண்மையாகவே வேலையைத் தொடங்க முற்படும்பொழுது முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஆள் வைத்து மண்வெட்டியால் வெட்டுவதா, அன்றி மணிக்கணக்கில் வாடகை பேசி இயந்திரத்தை வரவழைப்பதா? வீட்டில் இளைஞர் இருந்தால், “இயந்திரத்தைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்” என்பார். பெரியவர் இருந்தால், “கையால் வெட்டிய வேலைதான் வேலை” என்பார். இருவரும் விரைவையும் கூலியையும் மட்டுமே எண்ணிப் பேசுகிறார்கள். ஆனால் வடிகாலின் நன்மை தீமைகளை முடிவு செய்வன வேறு இரண்டு. பள்ளத்தின் அடித்தளம் எந்தச் சரிவில் அமைகிறது என்பது ஒன்று; பள்ளம் எவ்வளவு அகலம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு பார்த்தால், மண்வெட்டிக்கும் இயந்திரத்திற்கும் உரிய இடங்கள் தாமே புலப்படும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. வீட்டின் பின்புறத்திலிருந்து பக்கவாட்டில் வந்து, தெருக்கோடியில் உள்ள ஓடை வரையில் 100 அடி நீளத்திற்கு ஒரு வடிகால் தேவைப்படுகிறது. அகலம் 1 அடி. ஆழம் சராசரி 2 அடி. தோண்ட வேண்டிய மண் 200 கன அடி. ஒரு கன அடி ஈரமண் 45 முதல் 50 கிலோ வரையில் எடை கொண்டது. ஆகவே, ஒரு சிறிய வீட்டு வடிகால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற வேலையில் 9 அல்லது 10 டன் மண்ணைப் பெயர்த்து மேலே தூக்கியாக வேண்டியிருக்கிறது.

இதே மனையின் மேல் ஓர் அங்குலம் மழை பெய்தால் விழும் நீரும் 200 கன அடிதான். லிட்டரில் சொன்னால் 5,600-க்கும் சற்று மேல். அந்த நீர் முழுவதையும் பள்ளத்தில் தேக்கினால் பள்ளம் விளிம்பு வரை நிரம்பிவிடும். ஜல்லி இட்டு நிரப்பிய பள்ளமானால், கற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகும். எனவே அரை அங்குல மழைக்கு முன்னரே அது நிரம்பிப் போகும். இதிலிருந்து, வடிகால் நீரைத் தேக்கும் தொட்டி அன்று, நீர் போகும் வழி என்பது விளங்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழைக்கு முன் எந்த வீட்டு வடிகாலும் நில்லாது. நாம் வெட்டுவது வழக்கமான அடைமழை நாட்களுக்கு. அந்த அளவில் அதன் பயன் பெரிது.

வழி என்றால் அதற்கு ஒரு முடிவிடம் வேண்டும். பள்ளம் வெட்டுவதற்கு முன்னர், நீரை எங்கே கொண்டுபோய் விடப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஓடையோ, குளமோ, தெரு ஓரத்து மழைநீர்க் கால்வாயோ இருந்தால் நன்று. கழிவுநீர்க் குழாயில் மழைநீரை விடுவது ஆகாது. அடைமழையில் அது எதிர்த்து வந்து நம் வீட்டுக்குள்ளேயே புகும். அண்டை வீட்டாரின் மதிலடியில் கொண்டுபோய் விடுவதும் ஆகாது. வழக்கு மன்றம் வரையில் சென்ற பகைகள் இப்படித் தொடங்கியவையே. வேறு இடம் இல்லையென்றால், மனைக்குள்ளேயே ஒரு கசிவுக் குழி வெட்டி அதில் இறக்கலாம். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, கசிவுக் குழி நமக்குப் புதிய பொருள் அன்று. எனினும், மணற்பாங்கான நிலத்தில் நீரை மடமடவென்று குடித்துவிடும் குழி, களிமண் நிலத்தில் நாட்கணக்கில் குளம்போல நிற்கும். ஒரு சிறு குழி தோண்டி, இரண்டு குடம் நீரை ஊற்றி, மறுநாள் காலையில் சென்று பார்த்தால் நம் மண்ணின் இயல்பு தெரிந்துவிடும்.

இனிச் சரிவு. வீட்டு வடிகாலுக்கு 100 அடிக்கு 1 அடி இறக்கம் இருப்பது நலம். தரை சமமாக இருந்தால், பள்ளம் வீட்டுப் பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கி, மறுகோடியில் இரண்டரை அடி ஆழத்தில் முடியும். கண்ணை நம்பி இதைச் செய்ய இயலாது. சமமாகத் தோன்றும் தரையில் அரை அடி ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயே இதற்குப் போதும். உட்புறம் தெரியும் நீண்ட குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, இரு முனைகளையும் இரு முளைகளின் அருகே பிடித்தால், இரு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தை முளைகளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, மறுகோடி முளையில் 1 அடி கீழே இறக்கி நூல் கட்டினால், நூலே சரிவைக் காட்டும். நூல் நடுவில் தொய்யாதிருக்க 20 அடிக்கு ஒரு முளை தேவை. வீட்டுப் பக்கத்தில் நூல் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால், 3 அடி நீளமுள்ள ஒரு கோலை வைத்துக்கொண்டு பள்ளம் நெடுக அளந்து வரலாம். கோலின் அடி பள்ளத்தின் தரையில் நிற்க, அதன் தலை நூலைத் தொட்டால் ஆழம் சரி. தலை நூலுக்கு மேலே நின்றால் இன்னும் வெட்ட வேண்டும். கீழே நின்றால் மிகுதியாக வெட்டிவிட்டோம்.

ஒரு முளைக்குச்சி, ஒரு நூல், ஒரு கோல் ஆகியவற்றைக் கொண்டு அரை நாளில் செய்யக்கூடிய இவ்வேலையைச் செய்யாமல் எந்த முறையில் பள்ளம் வெட்டினாலும் பயன் இல்லை. ஒரு சிற்றூரில், இரண்டு மணி நேரத்தில் இயந்திரத்தால் வெட்டப்பட்ட வடிகால் ஒன்றைக் கண்டேன். கரை இரண்டும் வாளால் அறுத்தாற்போல நேராக இருந்தன. முதல் மழையில் நீர் ஓடையை நோக்கிப் போகாமல் வீட்டை நோக்கித் திரும்பி வந்தது. அது இயந்திரத்தின் குற்றம் அன்று; மண்வெட்டியால் வெட்டியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கையால் வெட்டும்பொழுது இரண்டாம் நாளாவது யாரேனும் ஒருவர் அதைக் கவனித்திருப்பார். விரைவாகச் செய்யும் வேலையில் தவறும் விரைவாகவே முடிந்துவிடுகிறது.

நம் நாட்டு மண்வெட்டியின் இயல்பை இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். மேலைநாட்டு மண்வாரி நீண்ட கைப்பிடியோடு நேராக இருக்கும். காலால் மிதித்து மண்ணில் இறக்கி, நின்றபடியே அள்ளி எறிவார்கள். நம் மண்வெட்டியின் தகடோ பிடிக்குக் குறுக்காக வளைந்து நிற்கிறது. குனிந்து, ஓங்கி வெட்டி, மண்ணைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். வயலில் வரப்புக் கழிக்கவும், மடை திருப்பவும் இதைவிட ஏற்ற கருவி வேறில்லை. ஆனால் குறுகிய பள்ளத்திற்குள் நின்று ஓங்குவதற்கு இடம் வேண்டும். முழங்கால் ஆழத்திற்குக் கீழே போனதும், ஒருவர் கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்தி இரும்புச் சட்டியில் அள்ளித் தர, மற்றொருவர் மேலே நின்று வாங்கிக் கொட்ட வேண்டியதாகிறது. ஆகவே, கையால் வெட்டும் பள்ளத்தை 1 அடிக்குக் குறைந்த அகலத்தில் வெட்டுவது அரிது. இரண்டரை அடி ஆழமானால் ஒன்றேகால் அடியாவது அகலம் விட வேண்டியிருக்கும்.

இளகிய மண்ணில், பழகிய ஒருவர் நாளொன்றுக்கு 70 முதல் 100 கன அடி வரையில் வெட்டுவார். சரளை கலந்த செம்மண்ணில் அதில் பாதி. சுக்கான் பாறை குறுக்கிட்டால் கணக்குச் சொல்வதற்கில்லை. பள்ளத்திற்குள் நின்று செய்யும் வேலை திறந்த வெளியில் செய்வதைவிட மெதுவாகவே நடக்கும். நாம் எடுத்துக்கொண்ட 200 கன அடி வேலைக்கு, மண் நல்லதாக இருந்தால், இருவர் இரண்டு நாள் உழைக்க வேண்டும். இந்த இரண்டு நாளில் அவர்கள் வெறும் மண்ணை மட்டும் வெட்டுவதில்லை. ஈரம் மிகுந்த இடம் எது, பழைய குழாய் எங்கே புதைந்திருக்கிறது, வேப்பமரத்தின் பெருவேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவற்றையெல்லாம் கடப்பாரையின் முனை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. மண்ணில் கடப்பாரை இறங்கும் ஓசைக்கும், குழாயின் மேல் படும் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிய கை உடனே அறியும்.

குறுகிய நீண்ட பள்ளத்தை இயந்திரத்தால் வெட்டும் எண்ணம் எங்கே தோன்றியது என்பதை அறிந்துகொள்வதும் நமக்குப் பயன்படும். ஒரு கருவி எந்த நிலத்திற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், நம் நிலத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் ஓரளவு தெரியும். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஜெனீவா என்னும் ஊரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் என்ற உழவர் இருந்தார். 1835-ஆம் ஆண்டில் அவர் தம் தாய்நாட்டிலிருந்து சுட்ட மண்குழாய்களின் மாதிரிகளை வரவழைத்து, அவற்றைப் போலச் செய்வித்து, நீர் தேங்கும் தம் வயலுக்கடியில் பதித்தார். சட்டிபானைகளை நிலத்தில் புதைக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் எள்ளினார்கள் என்பர். விளைச்சலைக் கண்டபின் அவர்களும் புதைக்கத் தொடங்கினார்கள். அத்தனை பள்ளங்களும் ஆட்களின் கையால் வெட்டப்பட்டவையே.

ஒஹையோ மாநிலத்தின் வடமேற்கில் கருஞ்சதுப்பு என்று பெயர் பெற்ற பெரும் நிலப்பரப்பு இருந்தது. தட்டையான களிமண் பூமி. நீர் வடிய வழியில்லாதது. அதை விளைநிலமாக்கக் கணக்கற்ற மைல் நீளத்திற்குப் பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து, 1890-களில் பௌலிங் கிரீன் என்னும் ஊரில் ஜேம்ஸ் ஹில் என்பவர் நீராவியால் ஓடும் பள்ளம்வெட்டி ஒன்றை அமைத்தார். பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பில் வரிசையாகக் கூடைகள். சக்கரம் சுழலச் சுழலக் கூடைகள் மண்ணைச் செதுக்கி எடுத்து ஒரு பக்கமாகக் கொட்டும். இது வயலுக்குரிய இயந்திரம். வீட்டு வாசலுக்கு ஏற்ற சிறிய இயந்திரம் அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. ஒக்லஹோமா மாநிலத்துப் பெர்ரி என்னும் சிற்றூரில், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குக் குழாய் இழுப்பதற்காகப் பிக்காசும் மண்வாரியும் கொண்டு ஆட்கள் பாடுபடுவதைக் கண்ட எட் மால்சான் என்பவர், சங்கிலியில் சிறு பற்களைக் கோத்து, ஒருவரே நடந்தபடி செலுத்தும் பள்ளம்வெட்டியை 1949-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று அந்நாட்டில் மக்கள் நாள் வாடகைக்கு எடுத்துவந்து, தம் தோட்டத்தைத் தாமே வெட்டிக்கொள்ளும் இயந்திரம் இவ்வகையைச் சேர்ந்ததே.

பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. துளையிட்ட குழாயும் ஜல்லியும் இட்டு மூடும் வடிகாலைப் பிரெஞ்சு வடிகால் என்பார்கள். அதற்கும் பிரான்சு நாட்டிற்கும் தொடர்பு இல்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்ற வழக்கறிஞர், 1859-ஆம் ஆண்டில் பண்ணை வடிகால் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய குடும்பப் பெயரே வடிகாலுக்கு வந்து சேர்ந்தது. மாறாக, நம் ஊர்களில் மண் அள்ளும் இயந்திரத்தைப் பொக்லைன் என்று வழங்குகிறோமே, அதுதான் உண்மையில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சங்கிலிப் பள்ளம்வெட்டி இங்கேயும் உண்டு. டிராக்டரின் பின்னால் பூட்டி, கம்பி புதைப்பதற்கும், தோட்டங்களில் பாசனக் குழாய் பதிப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு வீட்டுக்காரர் கேட்ட மாத்திரத்தில் கிடைப்பது பெரும்பாலும் முன்னால் அகன்ற வாளியும் பின்னால் நீண்ட கையும் கொண்ட ஜேசிபி வண்டியே. இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்வன என்று எண்ணுவது தவறு. சங்கிலிப் பள்ளம்வெட்டி 4 முதல் 6 அங்குல அகலத்தில் மெல்லிய கீற்றாக வெட்டும். ஜேசிபியின் பின்கை வாளியோ வழக்கமாக 2 அடி அகலம் உள்ளது. 1 அடி வாளியும் உண்டு, ஆயினும் கேட்டு வாங்கினாலன்றி அது வருவதில்லை.

இந்த அகலத்தில்தான் பணம் மறைந்திருக்கிறது. நம் எடுத்துக்காட்டையே பார்ப்போம். 1 அடி அகலப் பள்ளத்தில் 200 கன அடி மண். 2 அடி வாளியால் வெட்டினால் 400 கன அடி. தோண்டிய மண் உப்பும் இயல்புடையது; குவித்துப் பார்த்தால் கால் பங்கு கூடுதலாக இருக்கும். ஆகவே முதலாவதில் 250 கன அடி, அதாவது இரண்டரை யூனிட் மண் மேலே குவியும். இரண்டாவதில் ஐந்து யூனிட். பள்ளத்தில் ஜல்லியும் குழாயும் இறங்குவதால் இந்த மண்ணில் பெரும்பகுதிக்குத் திரும்பிச் செல்ல இடமில்லை. அதை வண்டி வைத்து அகற்ற வேண்டும். மேலே அரை அடி மண் மூடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு பள்ளத்திற்கு ஒன்றரை யூனிட் ஜல்லி. மற்றதற்கு மூன்று யூனிட். இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டது என்று மகிழ்கிறவர், ஒன்றரை யூனிட் ஜல்லியை வீணே மண்ணில் புதைத்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மணிக்கு வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வாளி எவ்வளவு அகலம் என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாடகைப் பேச்சிலும் சில நுணுக்கங்கள் உண்டு. வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து வந்து போகும் தூரம் கணக்கில் சேருமா, குறைந்தது இத்தனை மணி நேரம் என்று நிபந்தனை உண்டா, ஓட்டுநருக்குப் பேட்டா தனியா என்பவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நம்முடையது அரைமணி நேர வேலையானாலும் மூன்று மணி நேர வாடகை கொடுக்க நேரலாம். பக்கத்து வீட்டாருக்கும் பள்ளம் வெட்டும் வேலை இருந்தால் இருவரும் சேர்ந்து ஒரே நாளில் வரவழைப்பது நல்லது. கையாட்களின் கூலியைக் கணக்கிடும்பொழுதும் பலர் ஒன்றை மறக்கிறார்கள். இயந்திரம் வந்தாலும் ஓர் ஆள் தேவை. மூலைகளைச் செதுக்கவும், அடித்தளத்தைச் சரிவுக்கு ஏற்பச் சீவவும் இயந்திரத்தால் ஆகாது. ஆழம் மிகுந்துவிட்ட இடத்தில் நெகிழ்ந்த மண்ணைத் திரும்பப் போட்டுக் குழாயை வைத்தால், நாளடைவில் அது அமுங்கிக் குழாய் நடுவில் தொய்யும்; அங்கே சேறு படியும். அத்தகைய இடங்களில் மண்ணைச் சிறிது சிறிதாக இட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லையேல் ஜல்லியால் நிரப்ப வேண்டும்.

மண்ணின் குணமும் இயந்திரத்தின் போக்கை மாற்றும். நான் முன்னே சொன்ன ஒஹையோவின் களிமண் கல்லில்லாத பூமி. சங்கிலியும் சக்கரமும் தடையின்றி ஓடின. நம்முடைய சரளை நிலத்தில் கல் அகப்பட்டால் சங்கிலி துள்ளும், பல் முறியும். மழைக்காலத்துக் களிமண் சங்கிலியிலேயே அப்பிக்கொண்டு, வெட்டிய மண் திரும்பவும் பள்ளத்திலேயே விழும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணோ மண்வெட்டிக்கு இரும்பு, இயந்திரத்திற்கு எளிது. ஆடி, ஆவணி மாதங்களில் ஓரிரு மழை பெய்து, தரை இளகி, ஆனால் சேறாகாமல் இருக்கும் நாட்கள்தாம் எந்த முறைக்கும் ஏற்றவை.

இயந்திரம் நுழைய வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய தெருக்களில் இரு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் மாட்டு வண்டியே நுழையாது. ஜேசிபிக்கு அங்கு வேலை இல்லை. உள்ளே வந்தாலும், பல டன் எடையுள்ள வண்டி ஓடிய இடத்தில் மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். நீர் தேங்குவதைத் தடுக்க வந்த வண்டி, புதிதாக ஒரு தேக்கத்தை உண்டாக்கிவிட்டுப் போவதும் உண்டு. மேலே செல்லும் மின்கம்பியில் நீண்ட கை படாமல் காக்க வேண்டும். கீழே மின்கம்பியோ குடிநீர்க் குழாயோ புதைந்திருந்தால், உரிய அலுவலகத்தில் கேட்டு இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த இடத்திற்கு இரு புறமும் இரண்டிரண்டு அடி தூரத்தைக் கையாலேயே வெட்டுவது நல்லது.

ஆட்களுக்குக் கிடைக்கும் கூலியைப் பற்றியும் ஒரு சொல். 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், அதன்கீழ் நடக்கும் பணிகளில் தொழிலாளரின் வேலையைப் பறிக்கும் இயந்திரங்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று விதித்தது. கிராமத்தில் குளம் தூர்வாரவும் வாய்க்கால் வெட்டவும் மனிதரின் கை வேண்டும் என்பதன் பின்னால், அந்தக் கூலி ஊருக்குள்ளேயே தங்கும் என்ற எண்ணம் இருந்தது. நம் சொந்த வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆயினும் அந்த எண்ணம் மதிக்கத்தக்கது. செலவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இடத்தில் நான் ஆட்களையே அழைப்பேன்.

ஆனால் கூலி ஊருக்குள் தங்கட்டும் என்று எண்ணி ஒருவரை ஆறடிப் பள்ளத்தில் இறக்குவது தருமம் ஆகாது. இந்தப் பேச்சில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுவே. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். ஒரு சிறிய மோட்டார் காரின் எடையை விடக் கூடுதல். பள்ளத்தின் கரை சரிந்தால் அது எச்சரித்துவிட்டுச் சரிவதில்லை. மார்பு வரையில் மண் மூடினாலே மனிதரால் மூச்சை உள்ளிழுக்க முடியாது. தலை வெளியே இருந்தும் உயிர் போகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 3764-ஆம் எண் விதித்தொகுப்பு, ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள பள்ளத்தின் கரைகளுக்குப் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும் என்று கூறுகிறது. அமெரிக்க விதியும் 5 அடிக்கு மேல் அவ்வாறே கேட்கிறது. ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் அச்சமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நான்கு அடிப் பள்ளத்தில் நிற்பவரின் தலை வெளியே தெரியும். மண்வெட்டியை எடுத்துக் குனிந்ததும் அவர் முழுவதும் பள்ளத்திற்குள் இருக்கிறார். வேலை நடப்பதோ குனிந்தபடிதான்.

ஆகையால் தோண்டிய மண்ணைக் கரையோரத்திலேயே குவிக்கக் கூடாது; அதன் பாரமே கரையைத் தள்ளும். மழை பெய்த மறுநாள் பள்ளத்தில் இறங்குமுன் கரையில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய பள்ளத்தை ஒட்டி வெட்டும்பொழுது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை தோண்டி நிரப்பிய மண் ஒருபொழுதும் பழைய உறுதியைப் பெறுவதில்லை. பள்ளத்திற்குள் ஒருவர் இருக்கும்பொழுது மேலே ஒருவர் எப்பொழுதும் இருக்க வேண்டும். கரை சரிந்து ஒருவர் சிக்கிக்கொண்டால், பதறி மற்றவர்களும் உள்ளே குதிப்பது இயல்பு. இரண்டாவது சரிவில் அவர்களும் அகப்படுவதே பெரும்பாலும் நடக்கிறது. கயிறு கட்டி இழுப்பதும், இயந்திரத்தின் வாளியால் அருகே வாருவதும் அகப்பட்டவரின் உடலைச் சிதைக்கும். தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லி அனுப்பிவிட்டு, முகத்தையும் மார்பையும் சூழ்ந்த மண்ணை மேலிருந்து எட்டும் அளவில் கையால் விலக்கலாம். ஆழமான பள்ளம் தேவைப்படும் இடத்தில் இயந்திரத்தை அழைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு தேவையில்லை. அங்கே இயந்திரம் வெட்டட்டும். மனிதர் கரையில் நிற்கட்டும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, என் கருத்தைச் சொல்கிறேன். 50 அடிக்கு உட்பட்டு, இரண்டரை அடி ஆழத்தைத் தாண்டாமல், வீட்டுச் சுவரை ஒட்டியும் மரங்களுக்கிடையேயும் வளைந்து செல்லும் வடிகாலுக்கு மண்வெட்டியே ஏற்றது. தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான அடி வெட்ட வேண்டிய திறந்த வடிகால்களுக்கு இயந்திரமே தக்கது. அங்கே அகலம் மிகுவதால் கெடுதல் இல்லை, ஜல்லியும் போடப் போவதில்லை. இடைப்பட்ட வேலைகளில், மேல் மண்ணை ஓரடி வாளி கொண்ட இயந்திரத்தால் எடுக்கச் செய்து, அடியில் உள்ள நான்கைந்து அங்குலத்தை மட்டும் ஆட்களைக் கொண்டு நூலும் கோலும் வைத்துச் சீவச் செய்தால், இரண்டின் நன்மையும் கிடைக்கும். 10 டன் மண்ணைத் தூக்கும் பாடு ஆளுக்கு இல்லை. சரிவைக் காணும் பொறுப்பு இயந்திரத்திற்கு இல்லை.

பள்ளம் முடிந்ததும் உடனே மூடிவிட வேண்டா. மேல்கோடியில் நான்கு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சீவுங்கள். பிறகு, அடியில் இரண்டு அங்குலம் முக்கால் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்குமாறு வையுங்கள். துளை மேலே இருக்க வேண்டும் என்றே பலர் எண்ணுகிறார்கள். நிலத்தடி நீரோ கீழிருந்துதான் ஏறி வருகிறது, துளை கீழே இருந்தால் நீர் தாழ்ந்த மட்டத்திலேயே குழாய்க்குள் புகும். குழாயின் மேலும் பக்கங்களிலும் ஜல்லி இட்டு, அதன்மேல் வடிகட்டும் துணியை விரித்து, மண்ணால் மூட வேண்டும். தென்னை நார்ப் பாயையும் விரிக்கலாம். ஆனால் அது சில ஆண்டுகளில் மட்கிப் போகும், அதற்குப் பின் மண் மெல்லமெல்ல ஜல்லிக்குள் இறங்கும். குழாய் எந்த வழியாகச் செல்கிறது என்பதைச் சுவரிலிருந்து இத்தனை அடி என்று அளந்து, ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அடுத்து அங்கே கடப்பாரையை ஓங்கப் போகிறவருக்கு அது உதவும். நீர் வெளியேறும் வாயில் எலியும் பெருச்சாளியும் புகாதபடி கம்பி வலையைக் கட்டி, ஆண்டுதோறும் புரட்டாசியில் அதில் சிக்கிய சருகை எடுத்துவிட வேண்டும்.